வராத அனுமதிக் கடிதம்

சாய்ந்தமருதில், கடற்கரைக்குப் போகும் அந்த ஒழுங்கையில் சீனி வருத்தக்காரர்கள் ஒன்பது பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஆறு பேருக்குக் காலையில் இன்சுலின் போடுவது சுஹறா. ஆறரைக்குத் தொடங்கினால் ஏழேகாலுக்கு முடித்துவிடுவாள். தோலை இரண்டு விரலால் பிடிப்பாள், ஊசியை நேராக இறக்குவாள், பத்து வரை எண்ணிவிட்டு எடுப்பாள். "நோகுதா?" என்று கேட்கும் பழக்கம் அவளிடம் இல்லை. நொந்தால் அவர்களே சொல்வார்கள். பதினொரு வருடம் யாரும் சொல்லவில்லை.

சுஹறாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. கணவன் தோணிகளுக்கு மோட்டார் திருத்தியவர். இரண்டாயிரத்து நாலில் கடல் ஏறி வந்தபோது அவரும் போனார், வீடும் போனது. மிஞ்சியது ஒரு மகள். மையித்துக் குளிப்பாட்ட, இறந்த உடலை முறைப்படி கழுவ, தெரிந்த பெண்கள் ஊரில் குறைவு. தெரிந்தவர்களிலும் சிலர் அலையோடு போய்விட்டார்கள். அந்த இரண்டு நாளும் சுஹறா எத்தனை பெண்களைக் குளிப்பாட்டினாள் என்று அவளுக்கே கணக்கில்லை. தண்ணீரும் துணியும் முடிந்த பிறகு குளிப்பாட்டாமலே அடக்கினார்கள். பெயர் தெரியாமலும் அடக்கினார்கள். உலகத்தில் ஒரு மையித்துக்கு இதைவிடக் கேவலம் வராது என்று அவள் அப்போது நினைத்தாள். அது பிழை. அந்த மையித்துகளுக்கு மண்ணாவது கிடைத்தது.

அகதி முகாமில் ஒரு நிறுவனம் ஆறு மாதம் நோயாளர் பராமரிப்புப் பயிற்சி கொடுத்தது. அந்தச் சான்றிதழோடு றியாத்துக்குப் போய், படுக்கையில் கிடந்த ஒரு கிழவியை நாலு வருடம் பார்த்தாள். நாலு வருடத்தில் கிழவிக்கு ஒரு படுக்கைப் புண் வரவில்லை. திரும்பி வந்து கல்முனையில் ஒரு தனியார் கிளினிக்கில் சேர்ந்தாள். முதலில் தரை துடைத்தாள், பிறகு புண் கட்டினாள். கவுண்டரில் இருந்த பெண் பிள்ளைப்பேற்றுக்குப் போய்த் திரும்பி வராததால் சுஹறாவைக் கவுண்டரில் இருத்தினார்கள். கொம்பியூட்டரில் இரண்டு விரலால்தான் தட்டுவாள். ஆனால் ஒரு பெயரைப் பிழையாகப் பதிந்ததில்லை.

பிறகு கொரோனா வந்தது. அதோடு அந்தச் சட்டமும் வந்தது. கொரோனாவில் செத்தவர் எந்த மார்க்கத்தவரானாலும் எரிக்க வேண்டும்.

அந்தச் சட்டத்துக்குப் பிறகு ஊரில் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. வந்தாலும் பனடோலைப் போட்டு, யன்னலைச் சாத்தி, "உம்மா மட்டக்களப்புக்குப் போயிருக்கா" என்று வாசலில் நின்று சொல்வார்கள். உள்ளே இருமல் கேட்கும். கேட்டவர்களும் கேட்காததுபோலப் போவார்கள். வருத்தத்துக்குப் பயந்தவர்கள் கொஞ்சப் பேர். பரிசோதனைக்குப் பயந்தவர்கள்தான் எல்லோரும்.

கிளினிக்கில் பரிசோதனை நடக்காது. மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுப்பார்கள். அது வேனில் கொழும்பிலுள்ள ஆய்வுகூடத்துக்குப் போகும். மறுநாள் முடிவு இன்டர்நெட்டில் கவுண்டர் கொம்பியூட்டருக்கு வரும். சுஹறா அதை அச்செடுத்து, முத்திரை குத்தி, ஆளைக் கூப்பிட்டுக் கொடுப்பாள். முன்பு எல்லாவற்றுக்கும் ஒரு பெரிய பதிவேடு இருந்தது. கொப்பியும் பேனையும் கைமாறினால் கிருமி பரவும் என்று டொக்டர் றிம்சான் அதை நிறுத்திவிட்டார். நோயாளியின் மருந்து, அளவு, ஒவ்வாமை, முடிவு எல்லாம் அந்த ஒரு கொம்பியூட்டர்ப் பெட்டிக்குள் போனது. அந்தப் பெட்டியின் கடவுச்சொல் கிளினிக்கின் பெயரும் எழுநூற்று எண்பத்தாறும். கடைப் பலகையிலும் லொறிக் கண்ணாடியிலும் 'அல்லாஹ்வின் பெயரால்' என்னும் பிஸ்மிக்கு ஈடாக, பரக்கத்துக்காக எழுதுகிற அதே எண்.

அப்துல் ஸமட் சுஹறாவின் அடுத்த வளவுக்காரர். சம்மாந்துறை ஆலைகளுக்கு நெல் ஏற்றி இறக்கிய உழவு இயந்திரச் சாரதி. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கப் போவார். மனைவி ஹாஜறா சுஹறாவோடு ஒரே வகுப்பில் படித்தவள். சுஹறா ஊசி போடும் ஆறு பேரில் முதல் ஆள்.

அடுத்த ஆண்டுப் பெப்ரவரியில் ஆஸ்பத்திரி புதிதாக ஒன்று கேட்டது: வியாழக்கிழமை சுத்திகரிக்க வருபவர் மூன்று நாளுக்குள் எடுத்த பரிசோதனை முடிவோடு வர வேண்டும். ஸமட் மறுத்தார். சுஹறாதான் வேலி அருகில் நின்று அவரை மடக்கினாள்.

"மச்சான், பேப்பர் கையில இரிந்தா ஒங்களுக்குத்தான் நல்லம். ஆரு கேட்டாலும் காட்டலாம்."

"பேப்பர்ல பொசிட்டிவ் எண்டு வந்தா?"

"ஒங்களுக்கு ஒண்டுமில்ல. ஆஸ்பத்திரிய உட்டா வேற எங்கயும் வெளிக்கிடாத ஆளுக்கு எங்கால கொரோனா?"

"நெகட்டிவ் எண்டா மண்ணு, பொசிட்டிவ் எண்டா நெருப்பு. நீதானே தட்டுற ஆளு. பாத்து விரல வைகா."

ஹாஜறா குசினிக்குள் இருந்து, "வாய மூடுங்க, காலங்காத்தால" என்று கத்தினாள். ஸமட் சிரித்தார். திங்கட்கிழமை வந்து மூக்கை நீட்டினார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை இருக்கும். கிளினிக்கின் மின்னஞ்சலில் ஒரு கடிதம் வந்து விழுந்தது. அனுப்பியவர் பெயர் சுகாதார அமைச்சு என்று இருந்தது. மேலே அரச இலச்சினை. தலைப்பு தமிழில்: "கொவிட் ஜனாஸாக்களை அடக்கம் செய்வதற்கான அனுமதி: அவசர சுற்றறிக்கை." கீழே ஒரு கோப்பு.

தெரியாத கோப்பைத் திறக்க வேண்டாம் என்று கிளினிக்குக்குக் கொம்பியூட்டர் பார்க்கும் பஸால் ஒரு முறை சொல்லியிருந்தான். அது சுஹறாவுக்கு ஞாபகம் இருந்தது. பரிசு விழுந்திருக்கிறது என்று வருவதை அவள் திறந்ததே இல்லை. வெளிநாட்டில் வேலை என்று வருவதையும் திறந்ததில்லை. ஆனால் இது தெரியாத கடிதமா? பத்து மாதமாக ஊரே தொழுகைக்குத் தொழுகை கையேந்திக் கேட்ட கடிதம். வேலிகளில் வெள்ளைத் துணி கட்டிக் கேட்ட கடிதம்.

"வந்திட்டு!" என்று சுஹறா எழும்பி நின்றாள். "டொக்டர், அனுமதி வந்திட்டு!"

டொக்டர் நோயாளியை விட்டுவிட்டு ஓடி வந்தார். தாதிப் பெண் வந்தாள். காத்திருந்தவர்கள் ஒரு மீற்றர் இடைவெளியை மறந்து கவுண்டரில் வந்து சாய்ந்தார்கள். ஒரு கிழவர் முகக்கவசத்தைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"தொறங்க ராத்தா, தொறங்க," என்றார் டொக்டர். "என்ன நிபந்தனை போட்டிருக்கானுகள் எண்டு பாப்பம்."

சுஹறா திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் அழுத்தினாள். ஒரு சிறு பெட்டி தோன்றி அனுமதிக்கவா என்று ஆங்கிலத்தில் கேட்டது. ஓம் என்று அழுத்தினாள். அனுமதிக்கத்தானே இவ்வளவு நாளும் கேட்டோம்.

பதினைந்து நிமிடத்தில் திரை கறுத்தது. சிவப்பு எழுத்தில் ஆங்கிலம் ஓடியது. டொக்டர் வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருடைய குரல் இறங்கியது. உங்கள் கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டுள்ளன, திறப்பு வேண்டுமென்றால் காசு, மூன்று நாள் தவணை.

பஸாலைக் கூப்பிட்டார்கள். நாற்பது வயது மனிதன், பஸாரில் சொந்தக் கடை வைத்திருப்பவன். பெட்டியைக் கழற்றிப் பார்த்து, முதலில் கடவுச்சொல்லைக் கேட்டான். கேட்டதும் தலையில் கை வைத்தான்.

"கல்முனையில பாதிக் கொம்பியூட்டருக்கு இதுதான் பூட்டு, டொக்டர். கள்ளனுக்கும் பிஸ்மி சொல்லித்தான் உள்ளுக்க உட்டிரிக்கீங்க."

"இத ஆரு செஞ்சிரிப்பா?" என்று சுஹறா கேட்டாள்.

"ஆருக்குத் தெரியும்? ரஷ்யாவோ, நைஜீரியாவோ, தெகிவளையோ. இவனுகள் ஊரப் பாத்துத்தான் இரை கொளுவிறானுகள், ராத்தா. தெற்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒண்டுக்குத் தடுப்பூசிப் பட்டியல் எண்டு போட்டானுகளாம். இன்னொரு இடத்துக்கு நிவாரணப் படிவம். நமக்கு மையித்து." கையிலிருந்த திருகாணியை மேசையில் வைத்தான். "நல்லாப் படிச்சிரிக்கான் நம்மள."

அன்று பின்னேரமே இரண்டாவது அடி விழுந்தது. கிளினிக்கின் பெயரால் யாரோ ஆய்வுகூடத்தின் இன்டர்நெட் கணக்குக்குள் நுழையப் பார்த்திருக்கிறார்கள். அதே கடவுச்சொல்தான் அங்கேயும். ஆய்வுகூடம் கல்முனைத் தொடர்பை வெட்டிவிட்டது. இந்தக் கிளினிக்கில் இருந்து வந்த மாதிரிகளின் முடிவுகள் சரிபார்க்கப்படும் வரை ஒன்றும் வெளியே போகாது என்று கடிதம் அனுப்பினார்கள். முடிவுகளைக் கள்ளன் மாற்றியிருந்தால் என்ன செய்வது என்று அவர்கள் கேட்டார்கள். சரியான கேள்விதான். அவர்கள் செய்ததில் பிழை சொல்ல முடியாது.

புதன்கிழமை விடியல் சுபஹுத் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூச் செய்ய எழும்பிய ஸமட் கிணற்றடியில் விழுந்தார். ஹாஜறா கத்திய சத்தத்தில் சுஹறா வேலியைத் தாண்டிப் போனாள். நாடி இல்லை. நெஞ்சை அழுத்தினாள், பயிற்சியில் சொல்லித் தந்தபடி, கை சோரும் வரை அழுத்தினாள். பிறகு நிறுத்திவிட்டுக் கண்களை மூடிவிட்டாள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இருதயம் இப்படித் திடீரென்று நிற்பது வழமை. அதை அவள் அறிவாள். அதை ஒரு பேப்பரில் எழுதித் தர அவளுக்கு அதிகாரமில்லை.

எட்டு மணிக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ., வந்தார். கவச உடைக்குள் வேர்த்துக் கொட்டியது.

"முடிவு இரிக்கா?" என்று கேட்டார்.

"திங்கக்கிழம எடுத்தது, சேர். கிளினிக்கில கிடக்கு," என்றாள் ஹாஜறாவின் மகள் ஸப்னா.

"மூணு நாளைக்குள்ள எடுத்த நெகட்டிவ் பேப்பர் இரிந்தா இப்பவே கையெழுத்துப் போடுறன். மத்தியானம் லுஹருக்கு முந்தி அடக்கலாம். இல்லாட்டி மையித்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் அங்க டெஸ்ட் எடுக்கணும்."

எல்லோரும் சுஹறாவைப் பார்த்தார்கள். அவள் முற்றத்து மாமரத்தடிக்குப் போய்க் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தாள். நாலு பேரிடம் மாற்றிக் கொடுத்தார்கள். ஐந்தாவதாக ஒரு சிங்களப் பெண் பிள்ளை, இரக்கமுள்ள குரல், பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு ஆங்கிலமும் தமிழும் கலந்து சொன்னாள்: "நெகட்டிவ்தான் போட்டிருக்கு, அன்ரி. ஆனா அனுப்ப ஏலாது. உங்கட சென்டர் புளொக். வெள்ளிக்கிழமைதான்."

"மகள், இஞ்ச ஒரு மையித்து கிடக்கு. ஒரு போட்டோ எடுத்தாச்சும் அனுப்புங்க."

"என்ட வேலை போகும், அன்ரி."

சுஹறா பீ.எச்.ஐ.யிடம் தொலைபேசியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"ராத்தா, நானும் கலிமாச் சொன்ன முஸ்லிம்தான். வாயால சொல்றத நான் என்னெண்டு ஃபைல்ல வைக்கிற?"

"பதிவேட்டில எழுதியிரிந்தா?"

"எழுதியிரிக்கா?"

பதிவேடு அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. கடைசியாக எழுதிய பக்கம் எட்டு மாதப் பழசு.

ஒன்பதரைக்கு வண்டி வந்தது. ஹாஜறா வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றியது சுஹறாதான். வேறு யாராவது கழற்றியிருந்தால் விரல் முறிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிப் பரிசோதனை பொசிட்டிவ் என்று வந்தது. அதே வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பிறகு ஆய்வுகூடம் கிளினிக்கின் முடிவுகளை விடுவித்தது. ஸமட்டின் பேப்பரில் நெகட்டிவ் என்று இருந்தது. திங்கட்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் இடையில் தொற்றியிருக்கலாம். முதலாவது பரிசோதனை பிழையாக இருக்கலாம். இரண்டாவது பிழையாக இருக்கலாம். மூன்றாவது தடவை பார்க்கச் சொல்லி ஸப்னாவின் கணவன் ஆஸ்பத்திரி வாசலில் நாள் முழுக்க நின்றான். பார்க்கவில்லை. சனிக்கிழமை எரித்தார்கள். எந்த ஊரில் என்று வீட்டுக்காரருக்குச் சொன்னார்கள். சுஹறா கேட்டுக்கொள்ளவில்லை.

கிளினிக் கள்ளனுக்குக் காசு கொடுத்ததா என்று யாருக்கும் தெரியாது. பொலிசுக்குப் போகவில்லை, பெயர் கெட்டுவிடும். அடுத்த கிழமை டொக்டர் அவளை உள்ளே கூப்பிட்டார்.

"பங்குதாரர்கள் கேக்கிறாங்க, ராத்தா. கோப்பத் தொறந்தது ஆரு எண்டு எழுதிக் குடுக்கணும்."

"நான்தான் தொறந்த. நீங்கதான் தொறக்கச் சொன்ன."

டொக்டர் மேசையில் இருந்த பேனையை எடுத்து, அதன் மூடியைக் கழற்றி, மறுபடியும் மூடினார். "நான் அப்பிடிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல. கொஞ்ச நாளைக்கு வீட்ட இரிங்க."

அவள் வீட்டில் இருந்தாள். கிளினிக்கில் நடந்தது ஊருக்குள் அரையும் குறையுமாகப் பரவியது. வெளிநாட்டுக் கள்ளன் மெசினைப் பூட்டிவிட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவனுக்குக் கதவு திறந்துவிட்டது யார் என்று யாருக்கும் தெரியாது. அன்று கவுண்டரில் சாய்ந்து நின்றவர்களும் வாயைத் திறக்கவில்லை. அவர்களும் திறக்கச் சொன்னவர்கள்தானே.

ஹாஜறா, கணவனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் இருந்தாள். வெள்ளைச் சேலை, உள் அறை. சுஹறா வழமைபோல ஆறரைக்குப் போவாள். ஹாஜறா சேலையை ஒதுக்கி வயிற்றைக் காட்டுவாள். ஊசி உள்ளே இருக்கும் அந்தப் பத்து எண்ணுக்கும் ஹாஜறா பத்துவாச் செய்து சாபமிடுவாள்.

"அந்த மெசினக் கெடுத்தவன்ட கையி அழுகணும். அவனுக்கும் மண்ணுக் கிடைக்கப்படா. அவன்ட புள்ள குட்டிக்கும் கிடைக்கப்படா."

ஆறு, ஏழு, எட்டு என்று சுஹறா எண்ணிக்கொண்டிருப்பாள்.

ஸமட்டை எரித்துப் பன்னிரண்டாம் நாள் உண்மையான அனுமதி வந்தது. அரசாங்க வர்த்தமானியில் வந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஒழுங்கையில் ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். எதிர் வீட்டு உம்மு கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு சுஹறாவிடம் ஓடி வந்தாள்.

"வாசிச்சுச் சொல்லுகா, கண்ணாடிய எங்கயோ வெச்சிட்டன்."

"வேற ஆரிட்டயாச்சும் குடு," என்றாள் சுஹறா.

மறுநாள் காலை ஊசியை இறக்கும்போது ஹாஜறா தொடங்கினாள். "பன்னெண்டு நாள். பன்னெண்டே நாள். அவன்ட கையி..."

"ஹாஜறா, அவன் அனுப்பினவன். தொறந்தது நான்."

ஹாஜறாவுக்கு உடனே விளங்கவில்லை. சுஹறா பத்து வரை எண்ணி முடித்து, ஊசியை எடுத்து, மூடியைப் போட்டாள். பிறகு இருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: கடிதம், இலச்சினை, கோப்பு, கேட்ட பெட்டி, ஓம் என்று அழுத்தியது. டொக்டர் சொன்னதைச் சொல்லவில்லை. விரல் அவளுடையது.

ஹாஜறா சேலையை இழுத்து வயிற்றை மூடினாள்.

"ஏன்டி எனக்குச் சொன்னாய்?"

"நீ பத்துவாச் செய்யிறது ஆருக்குப் போகுது எண்டு நீ தெரிஞ்சிரிக்கணும்."

"ஒனக்குப் பாரம் எறங்கணும். அதுக்குத்தான் சொன்ன." ஹாஜறாவின் குரல் உயரவில்லை. "அவன் எங்கயோ கண் காணாத எடத்தில இரிந்தான். சட்டம் போட்டவன் கொழும்பில இரிந்தான். அவனுகளத் திட்டித்தான் நான் விடிய எழும்பி ரெண்டு வாய் தின்ட. இப்ப ஆரத் திட்டுற? வேலிக்கு அங்கால இரிக்கிற ஒன்னயா? எங்கட உம்மா மௌத்தான நேரம் குளிப்பாட்டின ஒன்னயா?"

"திட்டு."

"போ. வெளிய போ."

அடுத்த நாள் ஸப்னா வேலியில் நின்று, "உம்மா வர வேணாமாம், சாச்சி," என்றாள். ஊசியை அவளே போட்டாள். பழக்கமில்லாத கையில் ஊசி சரிந்து, தாயின் வயிற்றில் உள்ளங்கையளவு கன்றியது. இரண்டாம் நாள் மருந்து பாதி வெளியே வடிந்தது. மூன்றாம் நாள் ஹாஜறா ஊசி போட விடமாட்டேன் என்றாள். நாலாம் நாள் சீனி நானூற்றைத் தாண்டி, நா வறண்டு பேச்சுக் குழறியது. கொரோனாக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதா? ஸமட் போன அதே ஆஸ்பத்திரிக்கா? ஸப்னா வேலிக்கு வந்தாள். சுஹறா கையைக் கழுவிக்கொண்டு போனாள்.

ஹாஜறா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஆள் வந்தது தெரிந்ததும், திரும்பிப் பார்க்காமல் சேலையை ஒதுக்கினாள். சுஹறா கன்றாத இடமாகப் பார்த்துத் தோலைப் பிடித்தாள். நேராக இறக்கினாள். பத்து வரை எண்ணினாள். எடுத்தாள்.

"நோகுது," என்றாள் ஹாஜறா சுவரைப் பார்த்து.

சுஹறா ஊசியை மூடினாள். மறுநாள் ஆறரைக்கு வந்தாள். மறுநாளும் ஹாஜறா சுவரைப் பார்த்து அதையே சொன்னாள். நாலு மாதமும் பத்து நாளும் முடிந்து இத்தா கழிந்தது. ஹாஜறா இப்போது முற்றத்துக்கு வருகிறாள், மற்றவர்களோடு கதைக்கிறாள், சிரிக்கவும் செய்கிறாள். சுஹறாவோடு அவள் பேசுவது ஒரு நாளைக்கு ஒரு சொல். ஆறரை மணிக்கு.